இலவச வைத்தியமும் பாராளுமன்ற விடைகளும்

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம் என்று பாராளுமன்றத்தில் விடையளிக்கப்பட்டால், அது உண்மைதான். ஆயினும் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. மேலும், மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது திருத்தத்தின்படி போதனா வைத்தியசாலைகளும் விசேட நோக்கத்துக்கானவையும் தவிர்ந்த பொது வைத்தியசாலைகள் மாகாண சபைகளுக்குரியவை என்பதால், வன்னிக் கிராமமொன்றின் வைத்தியர் வெற்றிடம் பற்றிய கேள்வியை மாகாணத்தின் பக்கம் தள்ளிவிட அமைச்சர்களுக்கு எப்போதும் இடமுண்டு. வடமாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது.



வன்னியின் புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் கூலித்தொழிலாளியின் பஸ் காசும், இழந்த நாட்கூலியும், வெளியே வாங்கும் மருந்தின் விலையும் யாருடைய பொறுப்பு என்பதையே எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள், விடையைத் தொடர்ந்து எழுப்பும் மேலதிக வினாவாகக் கேட்க வேண்டும்.