எடை குறைப்பு ஆலோசனை: ஜூன் குறிப்புகள்

ஜூன் 2, 2025, திங்கள்

எடை குறைக்க வருபவர் கையில் முதல் நாளே டயட் சார்ட்டைத் திணிக்கக் கூடாது. முந்தைய நாள் எழுந்தது முதல் படுத்தது வரை வாயில் போட்டதையெல்லாம் கேட்டு எழுதுவதுதான் முதல் வேலை. "காலையில மூணு இட்லி, பொடிதான்" என்பார்கள். பொடியைக் குழைக்க எவ்வளவு நல்லெண்ணெய் என்று அங்கேயே கேட்டுவிட வேண்டும். நடுத்தர அளவு இட்லி மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 200 கலோரி. இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் மட்டும் 240. பழி என்னவோ இட்லி மேல்தான் விழுகிறது.

சமையலுக்கு எவ்வளவு எண்ணெய் என்று கேட்டால் எல்லார் வீட்டிலும் "கொஞ்சம்தான்". அதனால் மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறார்கள், எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று கேட்பதே சரி. நாலு பேருக்கு நாலு லிட்டர் என்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, சுமார் 270 கலோரி. அதை இரண்டரை லிட்டராக்கினால், ஒரு பிடி சோறு கூடக் குறைக்காமல் தினம் 100 கலோரி மிச்சம். மாதத் தொடக்கத்திலேயே அந்த இரண்டரை லிட்டரைத் தனியே எடுத்து வைத்து, பாட்டிலைச் சாய்க்காமல் 5 மில்லி ஸ்பூனால் அளந்து ஊற்றச் சொல்ல வேண்டும். கத்தரிக்காய் எண்ணெயைக் குடித்துவிடும். ஆவியில் முக்கால் பதம் வேகவைத்துப் பிறகு புரட்டினால் இரண்டு ஸ்பூனிலேயே வறுவல் ஆகிவிடும். ஹோட்டல் சாப்பாடும் கடை மிக்சரும் இந்தக் கணக்கில் வராது, தனியாகக் கேட்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

நம்மவர்களுக்கு பிஎம்ஐ (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 23-ஐ எட்டினாலே அதிக எடை, 25-ஐ எட்டினால் உடல் பருமன். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அதற்கு மேல் போகக் கூடாது. பாவாடை நாடா கட்டும் இடத்திலோ பெல்ட் போடும் இடத்திலோ டேப்பை வைத்தால் அளவு குறைத்துக் காட்டக்கூடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும்.

முதல் வாரம் இரண்டு கிலோ இறங்கினால் அதில் பெரும்பங்கு தண்ணீர். உடலில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது அதோடு சேர்ந்திருந்த நீரும் வெளியேறுகிறது. மூன்றாவது வாரம் முள் அசையாமல் நிற்கும்போது பலர் மனம் உடைந்து விட்டுவிடுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லாதது ஆலோசகரின் குறை. வாரம் அரை கிலோ குறைந்தால் நல்ல வேகம்.

ஜூன் 9, திங்கள்

சர்க்கரை நோயாளியின் சோற்றைத் தொடும் முன் மாத்திரைச் சீட்டைப் பார்த்தே ஆக வேண்டும். கிளிமிபிரைடு (சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை) அல்லது இன்சுலின் எடுப்பவர் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் மதியத்துக்கு மேல் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வரலாம். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். மருந்தளவைக் குறைப்பது டாக்டரின் வேலை. அவருக்கு எழுதி அனுப்பி, பதில் வந்த பிறகே புதிய உணவுமுறையைத் தொடங்கலாம்.

ஜூன் 13, வெள்ளி

சோற்றைக் குறைத்த இடத்தில் எதையும் வைக்காமல் விட்டால் நாலு மணிக்கு பஜ்ஜி கேட்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்குச் சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். "அதான் சாம்பார் இருக்கே" என்று நம்பிவிடுகிறார்கள். 30 கிராம் துவரம்பருப்பு முழுதாக உள்ளே போனால்தான் 7 கிராம் புரதம். தெளிவான சாம்பார் ஒரு கரண்டியில் அதில் கால்வாசி இருந்தாலே அதிகம். கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் என்று மதியத் தட்டிலேயே சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) அறிக்கையைப் பார்த்த பிறகே பேச்சு.

இந்தத் தொழிலுக்குப் படிக்கும் பிள்ளைகள் கலோரி அட்டவணையை மனப்பாடம் செய்வதோடு, சமையல் தராசு ஒன்றும் வாங்கிக்கொள்ளட்டும். தங்கள் வீட்டுக் கரண்டியில் சோறு எத்தனை கிராம், தோசை மாவு எத்தனை மில்லி என்று அளந்து கை பழகினால்தான், எதிரில் இருப்பவர் "ஒரு கரண்டி" என்னும்போது எதை எழுதுவது என்று தெரியும்.