வேண்டாத பொருளை எங்கே வைப்பது?

கூடையில் போட்ட ஒரு பொருள் வேண்டாம் என்று, பாதிக் கடை சுற்றிய பிறகுதான் தோன்றும். எடுத்த இடத்துக்குத் திரும்பி நடக்கச் சோம்பல். பக்கத்தில் இருக்கும் ஷாம்பு வரிசைக்குள் செருகிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நமக்கு அரை நொடி வேலை. கடைக்காரர்களுக்கு அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

கம்ப்யூட்டர் கணக்கில் அந்தப் பொருள் இன்னும் 'இருப்பு 1'. அதற்குரிய ரேக்கிலோ ஒன்றும் இல்லை. அடுத்து அதைத் தேடி வருபவர் ஊழியரைக் கேட்பார். ஊழியர் சிஸ்டத்தைப் பார்த்து "இருக்கே" என்பார். ரேக்கைத் துழாவுவார், குடோனுக்கு ஓடுவார், வெறுங்கையோடு திரும்பி வந்து பேச்சு வாங்குவார். அதோடு போவதில்லை. இருப்பைப் பார்த்துத் தானாக ஆர்டர் போடும் கடைகளில், கணக்கு பூஜ்யத்தைத் தொடாதவரை புதுச் சரக்குக்கு ஆர்டர் போகாமலே நிற்கலாம். ஷாம்பு வரிசையை யாராவது கலைத்து அடுக்கும்வரை அந்த ரேக் காலிதான்.

குளிர்பெட்டிப் பொருள் என்றால் நேராகக் குப்பைக்குத்தான். குளிரில் வைக்கும் பொருள் 5 டிகிரி செல்சியசுக்கு மேல் போகக் கூடாது, உறைபொருள் மைனஸ் 18இல் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. வெளியே கிடந்ததைக் கண்டெடுக்கும் ஊழியருக்கு அது ஐந்து நிமிடமாகக் கிடக்கிறதா, மூன்று மணி நேரமாகவா என்று தெரிய வழியில்லை. தொட்டால் சில்லென்று இருக்கிறது என்பதெல்லாம் சாட்சி ஆகாது. "ஏதோ ஒரு ஃப்ரீசரில்தானே வைத்தேன்" என்பதும் உதவாது. பால் பாக்கெட் ஃப்ரீசரில் உறைந்துபோகும். உறைபொருள் சாதாரண குளிர்பெட்டியில் இளகிப்போகும்.

திரும்பி நடக்க முடியவில்லையா, பில் போடுபவரிடம் கொடுத்துவிடுங்கள். இதற்குக் கூச்சப்படுகிறவர்கள் ஏராளம், தேவையே இல்லை. பல கடைகளில் கவுண்டருக்குக் கீழே இதற்கென்றே ஒரு கூடை இருக்கும். கொடுக்கும் நேரம்தான் முக்கியம்: ஸ்கேன் செய்வதற்கு முன்பே கொடுங்கள். பில்லில் ஏறிவிட்ட ஒன்றை நீக்க, நிறைய கடைகளில் சூப்பர்வைசரின் கார்டோ பாஸ்வேர்டோ வேண்டும். கேஷியர் பணத்தை வாங்கிக்கொண்டு பில்லை ரத்து செய்து சட்டைப்பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. சூப்பர்வைசர் எந்த மூலையில் இருக்கிறாரோ, அவர் வரும்வரை வரிசை நகராது. முணுமுணுப்பு முழுக்கக் கேஷியர் காதில்தான் விழும்.

கவுண்டரில் பொருளை நகர்த்தும் பெல்ட்டில் அடுக்குவதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. கனமானதும் கெட்டியானதும் முதலில் வரட்டும். ஸ்கேன் ஆகும் வரிசையிலேயே பைக்குள் இறங்குவதால் அவை அடியில் போய்விடும். பாட்டிலைப் படுக்க வைத்தால், பெல்ட் ஓடும் திசையிலேயே நீளவாக்கில் வையுங்கள். குறுக்கே வைத்தால் பெல்ட் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் உருளும். தூக்க முடியாத மூட்டையை டிராலியிலேயே விட்டு, பார்கோடு மேலே தெரியும்படி திருப்பி வைத்தால் போதும்; கை ஸ்கேனரை நீட்டிப் படித்துக்கொள்வார்கள். ஒரே மாதிரி பன்னிரண்டு எடுத்திருந்தால் எண்ணிக்கையைச் சொல்லலாம். ஆனால் ஆறு ஒரு மணம், ஆறு வேறு மணம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். விலை ஒன்றாக இருந்தாலும் பார்கோடு வேறு. ஒன்றையே பன்னிரண்டு தடவை அடித்தால் இரண்டின் இருப்பும் தப்பாகிவிடும்.

கசங்கின, ஈரமான பார்கோடை நீவித் துடைத்துக் கொடுப்பது பெரிய உதவி. வழக்கமான 13 இலக்க பார்கோடில் கடைசி இலக்கம், முதல் 12ஐ வைத்துக் கணக்குப் போட்டு வருவது. அந்தக் கணக்கு உதைத்தால் ஸ்கேனர் அந்த எண்ணை ஏற்காது. அப்புறம் 13 எண்ணையும் கையால் தட்ட வேண்டும். அந்த நேரத்தில் "ஸ்கேன் ஆகலைன்னா சும்மா குடுத்துடுங்க" என்ற ஜோக்கைத் தவிர்க்கலாம். அன்றைக்கே பலமுறை கேட்டிருப்பார், மரியாதைக்குச் சிரிக்கவும் வேண்டியிருக்கும்.

இனி பணம். கடை திறந்ததும் வந்து சின்னத் தொகைக்குப் பெரிய நோட்டை நீட்டினால், கல்லாவில் அன்றைக்கென்று வைத்த சில்லறை முதல் இரண்டு பேரோடு காலி. சில்லறைக் காசு தருவதாக இருந்தால் நோட்டோடு சேர்த்தே கொடுங்கள். தொகையைத் தட்டி, கல்லா திறந்து, மீதி எவ்வளவு என்று திரையில் வந்த பிறகு "இருங்க, என்கிட்ட சில்லறை இருக்கு" என்று ஆரம்பித்தால் கேஷியர் தயங்குவார். கணக்கு வராமல் அல்ல. இப்படி நடுவில் மாற்றி மாற்றிக் கொடுத்துக் குழப்பிப் பணம் பறிப்பது பழைய ஏமாற்று வேலை. அதனால் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லித்தான் பழக்கியிருப்பார்கள். நீங்கள் தந்த நோட்டை உடனே உள்ளே போடாமல் கல்லா மேலேயே வைத்துவிட்டு மீதியை எண்ணுவதும், நோட்டை வெளிச்சத்தில் பார்ப்பதும் உங்களைச் சந்தேகப்பட்டு அல்ல. எவ்வளவு தந்தீர்கள் என்ற தகராறு வராமல் இருக்கவும், கள்ள நோட்டு விழுந்தால் பதில் சொல்ல வேண்டிய ஆள் அவர் என்பதாலும்தான்.

போன் பேசிக்கொண்டே கவுண்டரில் நிற்காதீர்கள். பை வேண்டுமா, கார்டா பணமா என்று கேஷியர் சைகையில் கேட்க வேண்டியிருக்கிறது.

ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் தாராளமாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன், ரேக்கில் இருக்கும் விலை அட்டையில் பொருளின் பெயரும் அளவும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்துப் பொருளின் அட்டையைப் பார்த்து ஏமாறுவதே அதிகம். சரியாக இருந்தால் அட்டையை போனில் படமெடுத்துக் காட்டுங்கள், ஊழியர் அங்கே போய்ச் சரிபார்க்கும் நடை மிச்சம். விலையை ஏற்றுவது, இறக்குவது எதுவும் கவுண்டரில் நிற்பவர் கையில் இல்லை. ரிட்டர்னும் அப்படித்தான். பில், கழற்றாத டேக், பணம் கட்டின அதே கார்டு மூன்றும் கையில் இருக்கட்டும். "முடியாது" என்று வந்தால் குரலை உயர்த்துவதைவிட "இதை யார் முடிவு செய்வாங்க?" என்று கேட்பது பலன் தரும்.

துணிக்கடைக்கு வந்தால், அடுக்கின் நடுவிலிருந்து உருவுவதுதான் முதல் குற்றம். வேண்டியதற்கு மேலே இருப்பவற்றை ஒரு கையால் அப்படியே தூக்கிப் பிடித்து, மறு கையால் அதை மட்டும் இழுங்கள், அடுக்கு கலையாது. பெரும்பாலும் அளவு வரிசையில்தான் அடுக்கியிருப்பார்கள், ஓரத்து ஸ்டிக்கரைப் பார்த்தாலே தெரியும். விரித்ததை மடிக்க வரவில்லையென்றால் அடுக்கின் மேலே விரித்தபடியே விட்டுவிடுங்கள். உருட்டித் திணித்தால் யார் கண்ணிலும் படாமல் சுருக்கம் விழுந்து கிடக்கும். ட்ரையல் ரூமில் கழற்றிய துணியை வெளிப்பக்கம் வெளியே வரத் திருப்பி, ஹேங்கரில் மாட்டி, மேல் பட்டனை மட்டும் போடுங்கள். அது போடாததால்தான் வழுக்கித் தரையில் விழுகிறது. கொக்கியிலேயே விட்டுவிடாமல் வாசலில் நிற்பவரிடம் எண்ணிக் கொடுங்கள். உதட்டுச்சாயம் போட்டிருந்தால் தலை வழியாகப் போடும்போது கவனம். கழுத்துப் பட்டையில் ஒரு தீற்றல் போதும், அந்தத் துணி விற்காது.

நாமே பில் போட்டுக்கொள்ளும் மெஷின்களில், பை வைக்கும் தட்டு பலவற்றில் ஒரு தராசு. ஸ்கேன் செய்த பொருளின் எடையும் தட்டில் ஏறிய எடையும் பொருந்தாவிட்டால் மெஷின் நின்றுவிடும். கைப்பையை அதன்மேல் வைக்காதீர்கள், குழந்தையைச் சாய விடாதீர்கள், பணம் கட்டும்வரை பையைத் தூக்காதீர்கள். அங்கே பல மெஷின்களுக்குச் சேர்த்து ஒரே ஊழியர்தான் நிற்பார்.

ஏதாவது கொட்டி உடைந்துவிட்டால் ஓடிப்போக வேண்டாம், காலால் ஒதுக்கவும் வேண்டாம். அங்கேயே நின்று, வருகிறவர்களை விலக்கிவிட்டு ஆள் அனுப்பிச் சொல்லுங்கள். ஏணியில் நிற்பவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள், இறங்கட்டும்.

கடை மூடும் நேரம் என்று போட்டிருப்பது நாம் வெளியேற வேண்டிய நேரம். கல்லா எண்ணுவது, நாள் கணக்கு எடுப்பது, தரை துடைப்பது எல்லாம் கடைசி ஆள் போன பிறகுதான் முடியும். ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்துவிட்டீர்கள், ஒரே ஒரு பொருள்தான் வேண்டும் என்றால் வாசலிலேயே பேரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த ரேக் என்று தெரிந்தவர் போய் எடுத்து வருவது, நீங்கள் தேடுவதைவிட வேகம்.