தலை, உடல், வால்

மார்ச் 4
விந்தகத்தை ஒட்டி, விந்தணுக்கள் முதிரும் உறுப்பான எபிடிடிமிஸுக்குத் தலை, உடல், வால் என மூன்று பகுதிகள். இருவரின் எபிடிடிமிஸ்களிலிருந்து பகுதிக்கு ஒன்றாகப் பிரித்தெடுத்த ஆறு ஆர்என்ஏ குழாய்களையும் உலர்பனியில் வைத்து, எங்கே எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று அறிய வரிசைப்படுத்தலுக்கு அனுப்பிவிட்டேன்.

மார்ச் 5
நேற்று அனுப்பும் முன் ஐந்தாவது, ஆறாவது குழாய்களின் மூடியில் மை அழிந்திருந்தது. இது உடல், அது வால் என்று நினைவிலிருந்தே மீண்டும் எழுதினேன். அப்போது வராத சந்தேகம் இரவு இரண்டு மணிக்கு வந்தது.

மார்ச் 8
சில சென்டிமீட்டரே உள்ள அந்த உறுப்புக்குள் ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே குழல் சுருண்டு கிடக்கிறது. விந்தகத்தை விட்டு வரும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. அதன் டிஎன்ஏ இறுகக் கட்டப்பட்டுவிட்டதால் புதிதாக எந்த மரபணுவையும் இயக்க அதனால் முடியாது. ஆகவே வழியில் அதற்குக் கிடைப்பதெல்லாம் குழலின் சுவர் கொடுப்பதுதான். சுவரோ இடத்துக்கு இடம் வெவ்வேறு மரபணுக்களை இயக்கி, வெவ்வேறு புரதங்களைச் சுரக்கிறது. விந்தணுவின் மேல் படியும் சிடி52, டிஇஎஃப்பி126 ஆகிய புரதங்கள் அப்படி வந்து சேர்ந்தவையே. எந்தத் துண்டு எந்த இடத்தது என்று தெரியாவிட்டால் இந்த ஆய்வில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஐந்தா, ஆறா?

மார்ச் 9
தரவு இன்னும் வரவில்லை.

மார்ச் 12
வந்துவிட்டது. தலைகள் இரண்டும் தனித்து நிற்கின்றன. சிஎஃப்டிஆர் என்ற மரபணுவின் இயக்கம் அங்கேதான் மிகுதி. அந்த மரபணு பழுதான ஆண்களில் பலருக்கு விந்து நாளமே பிறவியில் அமைவதில்லை என்று நினைத்தபடி அந்த எண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உடலும் வாலும் ஒரே குவியலாகச் சேர்ந்துவிட்டன. மனிதரில் இவை இரண்டும் நெருக்கமானவை, எலியில் உள்ள கூர்மையான எல்லைகள் இங்கில்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது. மகிழ வேண்டிய முடிவுதான். ஆனால் என் பிழை ஒளிந்துகொள்ளவும் இதுவே இடம்.

மார்ச் 14
வாலின் சுவரில் மென்தசை தடித்திருக்கும் என்பதால் தசை மரபணுக்களை மட்டும் எடுத்துப் பார்த்தேன். முதலாமவரிடம் அவை வாலில் மிகுதி. இரண்டாமவரிடம் ஐந்தாவது குழாயில் மிகுதி. அதன்மேல் நான் எழுதியது ‘உடல்’. வெட்டும்போது ஒரு துண்டில் தசை கூடுதலாக ஒட்டியிருந்தாலும் இதே எண் வரக்கூடும்.

மார்ச் 15
நெறியாளரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். “மீதித் துண்டுகள் இருக்கின்றனவா?” என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 17
இருக்கின்றன. அறுவை நாளன்றே பென்சிலால் எழுதிய பெயர்கள் அழியவில்லை. சீவி, நிறமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தேன்: ‘வால்’ என்றிருந்ததில் உட்புழை அகன்று விந்தணுக்களால் நிறைந்திருந்தது, சுற்றிலும் தசை அடுக்கடுக்காக இருந்தது, ‘உடல்’ என்றிருந்ததில் குழலின் உட்படலமான எபிதீலியம் உயர்ந்தும் தசை மெலிந்தும் இருந்தன. நாளைக் காலை இரண்டிலிருந்தும் ஆர்என்ஏவைப் புதிதாகப் பிரிக்கிறேன். மூடியில் மட்டுமல்லாமல் குழாயின் பக்கத்திலும் எழுதுவேன்.