முன்னாடியே முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கற பிள்ளைங்க

எங்க தெருவுல ஆறாவது படிக்கற ஒரு பொண்ணு, வாத்தியார் போர்டுல கணக்கை எழுதி முடிக்கறதுக்குள்ள விடைய சொல்லிடுமாம், அதுக்கு கிளாஸ்ல கெடச்ச பேரு அதிகப்பிரசங்கி. மீதி நேரம் பூரா நோட்டோட கடைசிப் பக்கத்துல பகா எண்ணா எழுதிக்கிட்டே போகுது, 391ஐ மட்டும் அடிச்சிட்டு பக்கத்துல 17 x 23னு குறிச்சு வச்சிருக்கு, யாரும் சொல்லிக் குடுக்கல!

"நல்லா படிக்கற புள்ளதானே, அதுவே பாத்துக்கும்"னு விட்டுடறோம் பாருங்க, அதான் எனக்கு தாங்கல. எட்டாவதுல என்எம்எம்எஸ்ங்கற மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரீட்சை எழுதி செலக்ட் ஆனா ஒன்பதாவதுலேர்ந்து பன்னண்டாவது வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபா வருது, ஏழை வீட்டுக்கு அது பெரிய உதவி, மறுக்கவே மாட்டேன், ஆனா காசு வந்தாலும் கிளாஸ்ல அதே பாடம் அதே வேகம்தானே.

ராமானுஜனையே எடுத்துக்கங்க, 1904ல கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்போட சேந்தவரு, கணக்கே கதின்னு இருந்து இங்கிலீஷ்ல கோட்டை விட்டதுல அந்த ஸ்காலர்ஷிப்பே போச்சு.

தனி ஸ்கூலெல்லாம் வேணாம்ங்க. தெரிஞ்ச கணக்கையே இருவது தடவ போட வைக்காம கஷ்டமானதா ரெண்டு குடுங்க, கணக்கு பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்புல உக்கார விடுங்க. நாப்பது பேரை வச்சிக்கிட்டு டீச்சர் என்னதான் பண்ணுவாங்கன்னு கேப்பீங்க, நியாயம்தான், பூட்டி வச்ச லைப்ரரி பீரோவையாவது தொறந்து விடலாமே.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல இருக்கற கணக்கு டீச்சருங்க யாராச்சும் இதை உங்க ஸ்கூல்ல செஞ்சிருந்தா எப்படி பண்ணீங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க ப்ளீஸ்.