சோஃபால உருண்டை உருண்டையா

கும்பகோணத்துல சோஃபா வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது, அப்பா உக்கார்ற மூலைல மட்டும் துணி பூரா குட்டி குட்டி உருண்டை, அம்மா என்னடான்னா கடைக்காரன் ஏமாத்திட்டான்னு ஒரே பொலம்பல். துணி போகலம்மா, உரசி உரசி வெளிய வர்ற நூல் பிசிறு ஒண்ணோட ஒண்ணு சுத்திக்குது அவ்ளோதான். சுத்தப் பருத்தின்னா பெரும்பாலும் அதுவா உதிர்ந்துரும், பாலியஸ்டர் கலந்ததுல நூல் கெட்டி, உருண்டைய விடாம புடிச்சிக்கும்.

கையால மட்டும் பிச்சிராதீங்க, இன்னும் நூல் உருவிக்கிட்டு வரும். பேட்டரில ஓடுற லின்ட் ரிமூவர் (உருண்டைய வழிச்செடுக்குற குட்டி மெஷின்) வாங்கி அழுத்தாம மேலாக்க ஓட்டினேன், டப்பா நெறய பஞ்சு (கொள்ளிடக்கரை நாணல் பூ மாதிரி!). இதுக்குன்னே துணிய உரசிப் பாத்து 1லேருந்து 5 வரைக்கும் மார்க் போடுவாங்க, 5ன்னா உருண்டை இல்லன்னு அர்த்தம், வாங்கும்போது யாரு கேட்டா?

அப்பா இப்ப ஊஞ்சலுக்கு மாறிட்டாரு.