மூன்றாவது தடவையில் படுத்த மாதுளை

போர்ச்சுகலில் உள்ள காஸ்டெலோ பிராங்கோ ஊரின் பூத்தையல் முறையில், லினன் துணியில் பட்டு நூலால் தைத்து இரண்டு தடவை பிரித்துப் போட்ட மாதுளை நேற்று ராத்திரி ஒருவழியாக நிரம்பிவிட்டது. லினனை விளக்குக்குக் கீழே சாய்த்தால் பட்டு முழுக்க ஒரே தகடுபோல மின்னுகிறது, நடுவில் ஓர் இடத்தில்கூடத் துணி தெரியவில்லை.

இந்தத் தையலில் முதலில் பட்டு இழைகளை நீளவாட்டில் பக்கம் பக்கமாகக் கிடத்தி, அதன்மேல் குறுக்கிழை போட வேண்டும். குறுக்கிழை போடுவதும் அதைக் குட்டித் தையலால் பிடிப்பதும் எனக்குச் சிக்கலே இல்லை, 3 மி.மீ. இடைவெளி கண்ணுக்குப் பழகிவிட்டது. படுத்தியதெல்லாம் அடியில் கிடத்தும் நீள இழைதான். முன்பு ஓரத்திலிருந்து தொடங்கினேன், நடுவுக்கு வருவதற்குள் எல்லாம் சாய்ந்துவிட்டது. இந்தத் தடவை பழத்தின் அகலமான நடுவில், துணியின் ஊடை (குறுக்கு) நூலுக்கு நேராக முதல் இழை, அப்புறம் ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம். இழையை இறுக்குவதற்கு முன்னால் மொட்டை ஊசியை அடியில் கொடுத்து நீவியாக வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கில்லாத பட்டும் கயிறாகத் திரண்டுவிடும். ஏழெட்டுத் தையலுக்கு ஒருமுறை ஊசியைத் தொங்கவிட்டு, அது சுழன்று அடங்கட்டும் என்று காத்திருந்தேன். விரல் சொரசொரப்பு பட்டால் பிசிறு எழும்புகிறது. அதனால் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான் உட்காருகிறேன்.

போன தடவை இணையத்தில் வாங்கிய சிவப்பு நூலின் சாயம், ஈரம் பட்டதும் லினனில் இறங்கிவிட்டது. விலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இப்போது எந்த நிறம் வந்தாலும் ஓர் இழையை வெள்ளைத் துணியில் நனைத்துப் பார்க்காமல் தொடுவதில்லை.

அந்த ஊர்ப் பழைய படுக்கை விரிப்புகளில் மாதுளை தனியாக வருவது அபூர்வம், வாழ்வு மரமும் கார்னேஷன் பூவும் ஜோடிப் பறவைகளும் கூடவே இருக்கும். கல்யாணச் சீரில் வைத்த விரிப்புகள் அவை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வங்காளத்துச் சாத்காவிலிருந்தும் சீனாவிலிருந்தும் போர்த்துக்கீசியக் கப்பல்களில் போன தையல் விரிப்புகளின் சாயல் அவற்றில் அப்படியே தெரிகிறது. கடல் தாண்டி வந்த பூவையும் பறவையையும் அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் லினனில் தைத்துத் தைத்து ஊரின் அடையாளமாகவே ஆக்கிவிட்டார்கள். அந்தத் துணிச்சலை நம்பித்தான் நானும் மரத்தையும் பறவையையும் விட்டுவிட்டு, கருநீல லினனில் உள்ளங்கை அளவு மாதுளை ஒன்றை மட்டும் வைத்தேன். ஆனால் தையலில் மட்டும் எதையும் மாற்றவில்லை.

காம்பு இன்னும் பாக்கி. அதற்குள் அடுத்த துணியில் ஜோடிப் பறவைக்குக் கோடு வரைந்தாயிற்று. கழுத்து வளைவில் இழையை வளைவோடு திருப்புவதா, நேராகவே விடுவதா? கிடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.