பிசிவி 13: ஊசியா, ரத்தசோகையா?

ஒரு காகிதத்தில் 'பிசிவி 13' என்று இருந்தால், அது என்ன காகிதம் என்று முதலில் பாருங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை என்றால் பயமே இல்லை. நிமோகாக்கஸ் கிருமியின் 13 வகைகளுக்கு எதிரான ஊசி அது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் என்றால் ஹீமோகுளோபின் 4-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதாவது கடுமையான ரத்தசோகை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

ஊசியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அரசு அட்டவணைப்படி 6-வது வாரம், 14-வது வாரம், பிறகு 9-வது மாதம் என மூன்று தவணை.

லேபில் பிசிவி என்பது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீத இடத்தைப் பிடித்திருக்கின்றன என்ற அளவு. சில ரிப்போர்ட்டில் இதையே எச்சிடி அல்லது ஹெமட்டோகிரிட் என்று போடுவார்கள். 0.42 என்று இருந்தாலும் 42 சதவீதம்தான். ஆண்களுக்குச் சுமார் 40 முதல் 50, பெண்களுக்கு 36 முதல் 46.

கையால் பார்க்கும் முறை எளிது. 75 மி.மீ. நீளக் கண்ணாடிக் கேப்பிலரியில் முக்கால் பங்கு ரத்தம் ஏற்றி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் ஐந்து நிமிடம் சுற்ற வேண்டும். அடியில் சிவப்பு, மேலே வெளிர்மஞ்சள் பிளாஸ்மா, நடுவே வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் சேர்ந்த மெல்லிய சாம்பல் கோடு. அந்தக் கோட்டையும் சிவப்போடு சேர்த்து அளப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தப்பு. வெள்ளையணு எகிறியிருக்கும் நோயாளியிடம் அந்தத் தப்பு பிசிவியை நன்றாகவே கூட்டிக் காட்டும்.

ரத்தம் எடுக்கும்போதே கெடுவது இன்னும் அதிகம். கையில் கட்டிய பட்டையை நேரம் கடந்தும் அவிழ்க்காவிட்டால் பிசிவி கூடும். டிரிப்ஸ் ஏறும் கையிலேயே எடுத்தால் நீர்த்துப்போய்க் குறையும். ஊதா மூடி டியூபில் கோடு வரை ரத்தம் விடாவிட்டால், ரத்தம் உறையாமல் இருக்க உள்ளே போட்டிருக்கும் மருந்து மிகுந்து சிவப்பணுக்கள் சுருங்கும். சுற்றிப் பார்க்கும் பிசிவி குறைவாக வரும். டியூபை மெதுவாக எட்டுப் பத்து முறை தலைகீழாகத் திருப்ப மறந்தால் கட்டி தட்டும், அந்த ரிசல்ட்டே செல்லாது.

ரிப்போர்ட்டைச் சரிபார்க்க ஒரு குறுக்குக் கணக்கு உண்டு: ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பிசிவிக்கு அருகில், மூன்று புள்ளி முன்னே பின்னே வர வேண்டும். 12-க்கு 36. அதற்கு 45 என்று வந்தால் அப்படியே நம்பாமல் சாம்பிளை மறுபடி பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருந்தால் இந்தக் கணக்கு இடிக்கும், அது லேபின் தப்பு அல்ல.

டெங்குவில் எல்லோரும் தட்டணு எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள். உண்மையில் பிளாஸ்மா ரத்தக்குழாயை விட்டுக் கசிவதைக் காட்டுவது பிசிவி. முதல் நாட்களில் இருந்த அளவைவிட 20 சதவீதம் கூடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். 20 சதவீதம் என்றால் 20 புள்ளி அல்ல. 35 இருந்தவருக்கு 42 ஆனாலே போதும். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் இது வரும். 'காய்ச்சல் விட்டாச்சே' என்று வீட்டுக்குக் கிளம்புவது அந்த நேரத்தில்தான் என்பது வேதனை. மாறாக, உடல்நிலை தேறாமலே பிசிவி மட்டும் சரிந்தால் உள்ளே ரத்தக்கசிவு இருக்கிறதா என்று தேடுவார்கள்.

இந்த ஒப்பீட்டுக்கு ஒரே லேப், ஒரே முறை வேண்டும். சுற்றிப் பார்க்கும்போது சிவப்பணுக்களுக்கிடையே கொஞ்சம் பிளாஸ்மா சிக்கிக்கொள்ளும், அதனால் மெஷின் கணக்கைவிட ஓரிரு புள்ளி கூடுதலாகக் காட்டும். காலையில் மெஷின், மாலையில் கேப்பிலரி என்று பார்த்தால், ஏறியது பிசிவியா முறையா என்று யாராலும் சொல்ல முடியாது.